பழைய கொம்பியூட்டர் ஓன் ஆகவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு கல்லடியில் இருந்து பழைய டெஸ்க்டொப் கொம்பியூட்டர்களைத் திருத்திக் கொடுக்கிறேன். காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கொக்கட்டிச்சோலை, கல்முனை, அக்கரைப்பற்று என்று பல ஊர்களில் இருந்தும் போன் வரும். வருகிற கேள்விகள் ஒன்றையொன்று ஒத்தே இருக்கும். அதனால் அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைக்கிறேன். பென்டியம் 4, கோர் டூ டுவோ, முதல் ஒன்றிரண்டு தலைமுறை ஐ3 ப்ரொசசர் உள்ள மெஷின்களை மனதில் வைத்துத்தான் பதில்கள் இருக்கும்.

முதலில் ஒரு விஷயம். பெட்டியின் மூடியைத் திறக்கச் சொல்லும் இடங்களில் எல்லாம், சுவரில் இருந்து பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் திறக்க வேண்டும். சுவிட்சை ஓஃப் செய்தால் மட்டும் போதாது.

"தம்பி, பட்டனை அமத்தினா ஒண்டுமே நடக்குதில்ல. லைட்டும் இல்ல, சத்தமும் இல்ல. சிபியு செத்துட்டா?"

பெரும்பாலும் இல்லை. ஒன்றுமே நடக்கவில்லை என்றால் கரண்ட் உள்ளே போகவில்லை என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். அதே சொக்கெட்டில் போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். சார்ஜ் ஏறினால் சுவர் சரி. பிறகு மல்டிபிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு கொம்பியூட்டரை நேரடியாகச் சுவரில் கொடுங்கள். நம் வீடுகளில் ஒரே மல்டிபிளக்கில் டீவி, ஃபேன், ரூட்டர் எல்லாம் தொங்கும். அதன் உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு சூடேறி விரிந்து, பிளக் ஆடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது பெட்டியின் பின்னால் செருகும் கறுப்பு வயர். ரைஸ் குக்கருக்கும் மொனிட்டருக்கும் பல நேரம் அதே மாதிரி வயர்தான் வரும். மொனிட்டர் வயரைக் கழற்றி சிபியுவில் போட்டுப் பாருங்கள். பின்பக்கம், அந்த வயர் செருகும் பவர் சப்ளைப் பெட்டியில் சின்ன சுவிட்ச் ஒன்றும் இருக்கும். வீடு கூட்டும்போது தும்புத்தடி பட்டு அது ஓஃப் ஆகிக் கிடந்த மெஷினை ஏறாவூரில் இருந்து ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"யூபிஎஸ்ல லைட் எரியுது. அப்ப கரண்ட் வருகுதுதானே?"

லைட் எரிவதை நம்பாதீர்கள். வீட்டு யூபிஎஸ் பலவற்றின் உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பற்றரி ஒன்று இருக்கும். வெக்கையில் இரண்டு மூன்று வருடத்தில் அது தளர்ந்துவிடும். 2022இல் ஒரு நாளைக்குப் பல மணி நேரம் கரண்ட் போன மாதங்களில், முழுதாக இறங்கி முழுதாக ஏறாமலே திரும்பத் திரும்ப வேலை செய்து பல பற்றரிகள் முடிந்துபோயின. அப்படிப்பட்ட யூபிஎஸ் லைட்டைக் காட்டும், ஆனால் கொம்பியூட்டர் இழுக்கத் தொடங்கியதும் கைவிட்டுவிடும். யூபிஎஸ்சை விலக்கி நேரடியாகச் சுவரில் கொடுத்து ஓன் செய்யுங்கள். ஓன் ஆனால் குற்றம் யூபிஎஸ்சில்.

"பின்னால சின்னச் சிவப்பு சுவிட்ச் ஒண்டு கிடக்கு, 115, 230 எண்டு. அத மாத்திப் பாக்கட்டா?"

தொடவே வேண்டாம். இலங்கையில் வருவது 230 வோல்ட். அதை 115 பக்கம் தள்ளிவிட்டு ஓன் செய்தால், பவர் சப்ளை வரும் மின்சாரத்தை இரட்டிப்பாக்கப் பார்க்கும். வெடிச்சத்தம் கேட்கும், புகை வரும், அதோடு அது முடிந்தது. 230 என்ற எழுத்து தெரிகிறதா என்று கண்ணால் மட்டும் பாருங்கள். பிள்ளைகள் விளையாடும் வீடானால் அந்த சுவிட்சின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி விடுங்கள்.

"சுவர் சரி, வயரும் சரி. பிறகும் அசைவே இல்ல. இனி என்ன?"

பிளக்கைக் கழற்றிவிட்டு, முன்பக்கப் பட்டனை அரை நிமிடம் அமத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்கும். திரும்பச் செருகி ஓன் செய்யுங்கள். இடி மின்னலுக்குப் பிறகோ, கரண்ட் வந்து வந்து போன பிறகோ சிக்கி நிற்கும் மெஷின்கள் சில இதிலேயே எழும்பிவிடும்.

எழும்பவில்லையா, மூடியைத் திறந்து, பிளக்கைத் திரும்பக் கொடுத்து, உள்ளே கை வைக்காமல் மதர்போட்டை, அதாவது எல்லாச் சாமானும் செருகியிருக்கும் பெரிய பலகையைப் பாருங்கள். பல போட்களில் பச்சையாகவோ மஞ்சளாகவோ ஒரு சின்ன லைட் இருக்கும். அது எரிந்தால் பவர் சப்ளை பாதி உயிரோடு இருக்கிறது. அப்போது சந்தேகம் பட்டன் மேல் போக வேண்டும். பட்டனில் இருந்து வரும் மெல்லிய இரட்டை வயர் போட்டின் மூலையில் சின்ன ஊசிகளில் செருகியிருக்கும். பக்கத்தில் பவர் ஸ்விட்ச் என்பதன் சுருக்கம் (PWR SW போல) அச்சிட்டிருக்கும். அந்த வயரைக் கழற்றி, அது இருந்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள். அங்கே இருப்பது மிகச் சிறிய வோல்ட், அடிக்காது. வேறு ஊசிகளில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெஷின் எழும்பினால் பழுது பட்டனில்தான்.

நான் கழற்றிய பட்டன்களில் அதிகம் கண்டது எறும்பு. கட்டெறும்பு இல்லை, சீனிப் போத்தலில் ஏறுகிற அந்தப் பொடி எறும்பு. பட்டன் குழிக்குள் மண்ணும் முட்டையுமாக அடைத்து வைத்திருக்கும். தூரிகையால் தட்டித் துடைத்தால் போதும், சாமான் எதுவும் வாங்கத் தேவையில்லை. அவசரத்துக்கு ரீசெட் பட்டனின் வயரைப் பவர் ஊசியில் செருகி, ரீசெட்டாலேயே ஓன் செய்து கொள்ளவும் முடியும்.

"பவர் சப்ளை போயிட்டுது எண்டு எப்படி அறியிறது?"

பிளக்கைக் கழற்றிவிட்டு, பவர் சப்ளையில் இருந்து மதர்போட்டுக்குப் போகும் அகலமான 24 ஊசிக் கனெக்டரை இழுத்து எடுங்கள். மிகப் பழைய போட்டானால் 20 ஊசி இருக்கும். மற்ற வயர்களையும் கழற்றிவிட்டு, ஒரு பழைய சீடி டிரைவை மட்டும் தொங்க விடுங்கள். கனெக்டரில் பச்சை வயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அந்தத் துளையையும் பக்கத்துக் கறுப்பு வயர்த் துளையையும் வளைத்த பேப்பர் கிளிப்பால் இணையுங்கள். இப்போது பிளக்கைக் கொடுத்தால் பவர் சப்ளையின் ஃபேன் சுத்த வேண்டும். சுத்தாவிட்டால் அது போய்விட்டது. வயர்கள் எல்லாம் ஒரே கறுப்பு நிறமாக இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யாமல் விடுங்கள்.

ஃபேன் சுத்தினால் மட்டும் முழுதாக நம்பிவிடக் கூடாது. மல்டிமீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள். மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை இருக்கலாம். அதற்குக் கீழே இறங்கினால் மெஷின் எழும்பவும் செய்யும், பாதியில் நிற்கவும் செய்யும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சில ஊர்களில் பின்னேரம் எல்லா வீட்டிலும் லைட் போட்டதும் லைனே மங்கிவிடும். பகலில் எழும்பி இரவில் எழும்பாத மெஷினானால் பவர் சப்ளையைக் குறை சொல்ல முதல் சுவர் வோல்ட்டைத் தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு அளந்து பாருங்கள்.

பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் கழற்றித் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது உடனே இறங்காது. மாற்றுவதானால் பழையதைக் கையோடு கொண்டுபோய் அளவு, திருகாணித் துளை, கனெக்டர் எல்லாம் ஒத்துப் பார்த்து வாங்குங்கள். பெரிய கொம்பனிகளின் ஒபிஸ் மெஷின்கள் சிலவற்றில் வடிவமே வேறு.

"ஃபேன் எல்லாம் சுத்துது, ஆனா ஸ்கிரீன் கறுப்பு. படம் வருகுதில்ல."

எனக்கு வரும் பழுதுகளில் இதுதான் அதிகம். முதலில் கீபோட்டில் நம்லொக் பட்டனை அமத்துங்கள். அதன் லைட் எரிந்து அணைந்தால் மெஷின் உயிரோடு இருக்கிறது, படம் மட்டும் வரவில்லை. மொனிட்டரின் சொந்தப் பட்டன், அதன் வயரின் இரு பக்கத் திருகாணி இரண்டையும் பாருங்கள். பெட்டியின் பின்னால் நீலத் துளை இரண்டு இருந்தால், வயர் கீழே தனியாக இருக்கும் கார்டின் துளைக்குத்தான் போக வேண்டும். வீடு கூட்டிவிட்டுத் திரும்பச் செருகும்போது மாறிப்போகிற இடம் இது.

நம்லொக் அசையவில்லை என்றால் அடுத்தது ராம், அதாவது மதர்போட்டில் செருகியிருக்கும் நீளமான மெமரி அட்டை. பிளக்கைக் கழற்றி, பெட்டியின் வெறும் தகரத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, ராமின் இரு பக்கப் பிடியையும் தட்டி வெளியே எடுங்கள். பொன்நிறக் கால்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கல்லடி, நாவற்குடா, பாண்டிருப்பு, மருதமுனை என்று கடலை ஒட்டிய வீடுகளில் இருந்து வரும் ராமில், அந்தப் பொன்நிறத்தின் மேல் மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி ஒரு மங்கல் இருக்கும். சிலதில் ஓரத்தில் பச்சையும் ஏறியிருக்கும். அது உப்புக்காற்று. பள்ளிப்பிள்ளைகளின் வெள்ளை அழிறப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேயுங்கள். அழிறப்பரில் கறுப்பு இறங்குவது தெரியும். துகளை ஊதாமல் தூரிகையால் தட்டுங்கள், வாய்க்காற்றில் ஈரம் இருக்கிறது. மண்கடதாசியால் தேய்த்தால் பொன் பூச்சே போய்விடும்.

பிறகு ஒரே ஒரு ராமை மட்டும், இரு பக்கமும் டக் என்று பிடிக்கும்வரை அமத்திச் செருகி ஓன் செய்யுங்கள். வராவிட்டால் அடுத்த துளை. அதிலும் வராவிட்டால் அடுத்த ராம். பொறுமையாக ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பழுது என்று தெரியாமல் போய்விடும்.

"காக்கா, மெஷின் பீப் பீப் எண்டு கத்துது. என்னவாம்?"

நல்ல சகுனம். போட்டுக்கு உயிர் இருக்கிறது, குறையைச் சொல்கிறது. நீளமாக விட்டு விட்டுக் கத்தினால் பெரும்பாலும் ராம், மேலே சொன்ன அழிறப்பர் வேலையைச் செய்யுங்கள். ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் பல போட்களில் படம் தரும் டிஸ்பிளே கார்ட். அதைக் கழற்றித் துடைத்துப் போடுங்கள், அல்லது கழற்றி வைத்துவிட்டு போட்டிலேயே இருக்கும் துளையில் மொனிட்டரைக் கொடுங்கள். ஒரே ஒரு சின்ன பீப் என்றால் பல மெஷின்களில் எல்லாம் சரி என்று அர்த்தம். கொம்பனிக்குக் கொம்பனி இது மாறும்.

"ரெண்டு செக்கன் சுத்திட்டு நிண்டுடும். மறுகா சுத்தும், மறுகா நிக்கும்."

ப்ரொசசருக்குப் பக்கத்தில் 4 ஊசிச் சதுரக் கனெக்டர் ஒன்று தனியாக இருக்கும். மஞ்சள் இரண்டு, கறுப்பு இரண்டு. துப்புரவு செய்யும்போது அது கழன்றால் இப்படித்தான் ஆகும். அடுத்தது ப்ரொசசரின் மேல் இருக்கும் ஃபேன். கோர் டூ டுவோ காலத்து மெஷின்களில் அதை நான்கு பிளாஸ்டிக் கால்கள்தான் பிடித்திருக்கும். ஒரு கால் எழும்பினாலே ஃபேனுக்கு அடியில் உள்ள உலோகக் கட்டை ப்ரொசசரில் படாமல் நிற்கும், சூடு ஏறி மெஷின் தன்னைக் காப்பாற்ற நின்றுவிடும். விரலால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கழற்றி, காய்ந்துபோன பழைய சூடு கடத்தும் பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாக ஒரு நெல்மணி அளவு வைத்துத் திரும்ப அழுத்துங்கள்.

இந்த இரண்டும் சரியென்றால் எங்கேயோ ஷோட் ஆகிறது. கழன்று விழுந்த திருகாணி ஒன்று போட்டுக்கு அடியில் கிடக்கலாம். பல்லி முட்டை இட்டு, அது உடைந்து ஒழுகியதை இரண்டு மெஷின்களில் கண்டிருக்கிறேன். பின்பக்கத்தில் வெறும் துளைகளை மூடும் தகரம் இல்லாத பெட்டிகளில்தான் பல்லி போகும்.

"போட்ல சின்ன உருளை எல்லாம் வயிறு ஊதிக் கிடக்கு. அது பழுதா?"

ஓம், பழுது. அவை கப்பாசிட்டர்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். மேலே வெட்டிய கோடு பிளந்து மண்ணிறமாகக் கசிந்திருந்தால் அது தன் வேலையைச் செய்யாது. 2000க்கும் 2007க்கும் இடையில் செய்த போட்களில் தரம் குறைந்த கப்பாசிட்டர்கள் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தன. அதனால் உங்கள் பாவிப்பில் தவறில்லை. அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடிய வோல்ட், 105 பாகை என்று எழுதியதைப் போட வேண்டும். கை பழகிய ரேடியோ, டீவி திருத்துபவர் ஈயம் வைத்து மாற்றித் தருவார். நீங்களாகச் செய்ய வேண்டாம்.

"ஒவ்வொரு நாளும் எஃப்1 அமத்தச் சொல்லுது. திகதி 2006 எண்டு காட்டுது."

மதர்போட்டில் காசு மாதிரி ஒரு பற்றரி இருக்கிறது, பெயர் சிஆர்2032. மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும், 3 வோல்ட். அது இறங்கிவிட்டது. மாற்றினால் சரி. எழுத்து உள்ள பக்கம் மேலே வர வேண்டும். சில பழைய போட்கள் இந்தப் பற்றரி செத்தால் எழும்பவே மறுக்கும். எனவே மேலே சொன்னதெல்லாம் செய்தும் படம் வராதவர்கள் இதையும் மாற்றிப் பாருங்கள்.

இன்டர்நெட் வேலை செய்தும் வெப்சைட் எதுவும் திறக்காமல் பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் அதுவும் பல நேரம் இந்தத் திகதிப் பிழைதான்.

"பற்றரி மாத்தினன், இப்ப விண்டோஸ் லோகோ வந்து நீலத் திரையில நிக்குது. முந்தி இப்படி இல்ல."

பயப்பட வேண்டாம், ஒன்றும் அழியவில்லை. பற்றரியைக் கழற்றியதும் போட் தன் பழைய செட்டிங்கை மறந்துவிட்டது. பயோஸ் (போட்டின் சொந்த செட்டிங் திரை) உள்ளே, ஹார்ட் டிஸ்கோடு பேசும் முறையைச் சொல்லும் சாட்டா மோட் (SATA Mode) என்று ஒரு வரி இருக்கும். ஐடிஇ (IDE) என்று இருந்தால் ஏஎச்சிஐ (AHCI) ஆக்குங்கள், ஏஎச்சிஐ என்று இருந்தால் ஐடிஇ ஆக்குங்கள். சேமித்து வெளியே வந்தால் விண்டோஸ் எழும்பும். நீலத் திரையில் 7பி என்று முடியும் இலக்கம் இருந்தால் அநேகமாக இதுவேதான். இதற்குப் போய் விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டுவிட்டு வந்தவர்களைக் கண்டால் மனம் நோகிறது.

"டிஸ்க் பூட் ஃபெயிலியர் எண்டு வெள்ளை எழுத்தில வருகுது."

முதலில் பென் டிரைவ், மெமரி கார்ட், சீடி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஓன் செய்யுங்கள். எக்ஸ்பியில் என்டிஎல்டிஆர் மிஸ்ஸிங் என்றும், விண்டோஸ் 7இல் பூட்எம்ஜிஆர் மிஸ்ஸிங் என்றும் வந்தாலும் இதையே முதலில் செய்யுங்கள். அடுத்தது ஹார்ட் டிஸ்கின் இரண்டு வயரையும் கழற்றித் திரும்பச் செருகுவது. சிவப்பு சாட்டா வயர் பழசாகித் தளரும், வேறு ஒன்று மாற்றிப் பாருங்கள். பிறகு பயோஸில் ஹார்ட் டிஸ்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள்.

பெயரே தெரியாமல், டிஸ்கில் காது வைத்தால் டிக் டிக் என்று ஒரே சீராகக் கேட்டால் உடனே நிறுத்துங்கள். திரும்பத் திரும்ப ஓன் செய்யச் செய்ய உள்ளே இருக்கும் தட்டு கீறுப்படும்.

"கடையில கொடுத்தா போமட் பண்ணணும் எண்டுறாங்க. படம், பேப்பர் எல்லாம் போயிடுமா மகன்?"

மெஷின் ஓன் ஆகாததற்கும் உள்ளே இருக்கும் படங்களுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. பவர் சப்ளை எரிந்தாலும், போட் செத்தாலும் ஹார்ட் டிஸ்க் தனியாக நன்றாகவே இருக்கும். அதைக் கழற்றி யூஎஸ்பி கேஸில் போட்டோ, வேறொரு மெஷினில் இரண்டாவது டிஸ்காகச் செருகியோ எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். பழைய அகல வயர் டிஸ்கானால், சாட்டாவோடு ஐடிஇயும் எடுக்கும் கேபிள் என்று கேட்டு வாங்குங்கள்.

படுவான்கரையில் இருந்து ஒரு டீச்சர் பதினைந்து வருட மெஷினைக் கொண்டு வந்தார். பாமினி எழுத்துருவில் டைப் செய்த வினாத்தாள்கள், இறந்துபோன தகப்பனாரின் படங்கள் எல்லாம் அதில் இருந்தன. இரண்டு இடத்தில் போமட் செய்யச் சொல்லியிருந்தார்கள். பழுது பவர் சப்ளையில். டிஸ்கைத் தொடவே தேவைப்படவில்லை. யாரிடம் கொடுத்தாலும் "முதல்ல ஃபைல் எல்லாத்தையும் எடுத்துத் தாங்க, பிறகு மற்றதைப் பாருங்க" என்று சொல்லிக் கொடுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பாமினி ஃபைல்களோடு அந்த எழுத்துருவையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புது மெஷினில் தமிழ் எழுத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்.

"வெள்ளம் வந்து சிபியு நனைஞ்சுட்டுது. வெயில்ல வச்சிட்டு ஓன் பண்ணட்டா?"

அவசரப்பட்டு ஓன் செய்வதுதான் மெஷினைக் கொல்லும், தண்ணீர் இல்லை. 2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு நம் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் பலர் இதை அனுபவித்தார்கள். பிளக்கைத் தொட முதல் வீட்டு மெயின் சுவிட்ச் ஓஃப் ஆகியிருக்க வேண்டும். காசுப் பற்றரியை உடனே கழற்றுங்கள், அது இருக்கும்வரை ஈரப் போட்டில் மின்சாரம் ஓடி அரிக்கும். மதர்போட்டையும் ராமையும் சுத்தமான தண்ணீரில் சேறு போகக் கழுவி, கிடைத்தால் ஐசோபுரோபைல் அற்ககோலால் துடைத்து, நிழலில் காற்றோட்டமாக ஒரு கிழமையாவது காய விடுங்கள். கடல் நீரோ வாவி நீரோ பட்டிருந்தால் கழுவாமல் காய வைக்கவே கூடாது, உப்பு தங்கிவிடும்.

பவர் சப்ளை நனைந்திருந்தால் எறிந்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்கில் மூச்சுத்துளை உண்டு, தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். அதில் முக்கியமானது இருந்தால் நீங்களாகச் சுத்த விடாமல், டேட்டா எடுத்துக் கொடுப்பவரிடமே கொடுங்கள்.

"இத திருத்திறதுக்குப் புதுசு வாங்கலாம்தானே?"

பவர் சப்ளை, ராம், பற்றரி, வயர் இவற்றில் ஒன்று என்றால் திருத்துங்கள். போட்டும் ப்ரொசசரும் சேர்ந்து போயிருந்தால் செலவு செய்ய வேண்டாம், டிஸ்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடும், விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபரோடும் மைக்ரோசொஃப்டின் வழக்கமான பாதுகாப்பு நின்றுவிட்டது. எனவே திருத்தினாலும் வங்கி வேலைக்கு இதைப் பாவிக்காதீர்கள். விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் மின்ட் போட்டு, ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக அதைவிட வேகமான ஒரு சின்ன எஸ்எஸ்டியும் மாற்றினால் 4 ஜிபி ராம் உள்ள கோர் டூ டுவோவில் பிள்ளைகள் டைப் பழகவும், ஐசிடி பாடம் படிக்கவும் தாராளமாகப் போதும்.

"மாரி தொடங்குது. கொஞ்ச நாளைக்கு மெஷின ஓன் பண்ண மாட்டம். என்ன செய்து வைக்கட்டும்?"

ஒக்டோபர், நவம்பர் இடி மின்னலுக்குப் பிளக்கோடு ரூட்டர் வயரையும் கழற்றி வையுங்கள். மின்னல் டெலிபோன் லைன் வழியாக வந்து நெட்வேர்க் துளையோடு போட்டையும் எரித்த மெஷின்கள் வருடா வருடம் வருகின்றன. பெட்டியை நிலத்தில் இருந்து மேசைக்கு ஏற்றுங்கள். பொலித்தீன் பையால் இறுக்கி மூடாதீர்கள், உள்ளே வேர்க்கும். பழைய பருத்திச் சீலை ஒன்றைப் போர்த்தினால் போதும்.

முழுதாக மறந்துவிடவும் வேண்டாம். மழை விட்ட ஒரு பகலில், கிழமைக்கு ஒரு தடவை அரை மணி நேரம் ஓன் செய்து விடுங்கள். அந்தச் சூட்டிலேயே ஈரம் போய்விடும். அந்த அரை மணி நேரத்திலேயே படங்களை ஒரு பென் டிரைவுக்கும் ஏற்றிவிடுங்கள்.